வானுக்கு அடியில் சொட்டுவது எது?

கேள்வி: அண்ணா, என்னிடம் 1994ஆம் ஆண்டு டொல்பின் வான் (டொயோட்டா ஹயேஸ்) ஒன்று இருக்கிறது, டீசல், ஒட்டோ கியர். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், சனி ஞாயிறில் கொழும்பு ஹயர். ஒரு மாதமாக இரவு நிறுத்தினால் விடியும்போது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒயில். கராஜில் காட்டினேன். எஞ்சின் பின் சீலும் (ஒயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம்) போய்விட்டது, கியர் பொக்ஸ் சீலும் போய்விட்டது, கியர் பொக்ஸை இறக்க வேண்டும், மூன்று நாள் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். மூன்று நாள் ஓடாவிட்டால் பிள்ளைகள் வேறு வானுக்குப் போய்விடுவார்கள். இறக்கத்தான் வேண்டுமா? (உப்புவெளி வாசகர்)

பதில்: இறக்க வேண்டி வரலாம் தம்பி, ஆனால் நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும், நிற்கும்போது அது கீழே இறங்கும், அதனால் ஓட்டை எங்கே இருந்தாலும் பல நேரம் எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற இடத்தின் அடியில்தான் வந்து சொட்டும். நானும் இதில் ஏமாந்தவன். கியர் பொக்ஸை இறக்கி, பின் சீலை மாற்றி, திரும்ப ஏற்றி, மறுநாள் குனிந்து பார்த்தால் அதே இடத்தில் அதே சொட்டு! டப்பெட் கவர், அதாவது எஞ்சின் தலைமேல் மூடி, அதன் காஸ்கட் பின்மூலையில் காய்ந்து விறைத்துப்போய், அங்கிருந்து எஞ்சின் முதுகு வழியே வழிந்திருக்கிறது. உங்கள் வானில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தானே, சீட்டைத் தூக்கி டோர்ச் அடித்தால் தெரிகிற விஷயம்.

முதலில் எந்த ஒயில் என்று பாருங்கள். இரவு ஒரு பெரிய காட்போட் மட்டையை அடியில் விரித்து, முன் சில்லு எங்கே நிற்கிறது என்று அதிலேயே கோடு போட்டுவிடுங்கள். காலையில் சொட்டை வெள்ளைக் கடதாசியில் ஒற்றி எடுத்தால், டீசல் எஞ்சின் ஒயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும் என்பதால் கறுப்பு என்றால் எஞ்சின். ஒட்டோ கியர் ஒயில் புதிதில் சிவப்பு, பழசானால் மண்ணிறம், எஞ்சின் ஒயிலை விட மெல்லியது. ஆனால் சிவப்பைக் கண்டவுடன் கியர் பொக்ஸ் என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனென்றால் பவர் ஸ்ரியரிங்குக்கும் பெரும்பாலும் அதே வகைச் சிவப்பு ஒயில்தான். சொட்டு முன்பக்கம் விழுந்தால் ஸ்ரியரிங் பம்பையும் அதன் குழாய்களையும் பாருங்கள். கியர் ஒயிலைக் குளிரவைக்க ரேடியேற்றருக்குப் போகிற இரண்டு குழாய்களும் அந்தப் பக்கம்தான் வருகின்றன. எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த இரும்புக் குழாய்கள் கிளிப் பிடித்த இடத்தில் துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை விழும், இதைக் கராஜில் சீல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

அளவும் சாட்சி சொல்லும். எஞ்சின் ஒயிலைச் சமதரையில் எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டோ கியர் ஒயில் அப்படியல்ல: வான் நன்றாக ஓடிச் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கிங்கில் விட்டு, ஒயில் அளவுக் கம்பியில் சூட்டுக்குரிய கோட்டைப் பார்க்க வேண்டும். பலர் குளிரில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்து அளவு கூட என்று நினைப்பார்கள். நின்ற வானில், எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவிலிருக்கிற டோர்க் கொன்வேட்டரிலுள்ள ஒயில் மெல்ல மெல்லக் கியர் பொக்ஸின் அடித்தட்டுக்கு இறங்கி அங்கே மட்டம் உயரும். சில வான்கள் ஓடும்போது ஒழுகாமல் இரண்டு நாள் நின்றால் மட்டும் ஒழுகுவதற்கும் இதுதான் காரணம், அப்போது கியர் லீவர் தண்டின் சீலைப் பாருங்கள்.

அப்புறம் கழுவுங்கள். இதைச் செய்யாமல் கண்டுபிடிக்கவே முடியாது, நிலாவெளி மணலும் பழைய ஒயிலும் சேர்ந்து புட்டு மாதிரி அப்பியிருக்கிற எஞ்சினில் எது புது ஈரம் என்று யாருக்குத் தெரியும்? எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும், ரப்பர் பெல்ட்களில் படாமல் பார்த்து, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் பேபி பவுடர் தூவி, நிலாவெளி வரை ஒரு ஓட்டம் போய் வாருங்கள். வந்து பார்க்கும்போது ஆகக் கூடுதலாக நனைந்த இடத்தைத் தேட வேண்டாம். ஆக மேலே, ஆக முன்னே நனைந்த இடம் எது என்று தேடுங்கள். டப்பெட் கவர், ஒயில் பிரஷர் சுவிட்ச், பில்டர், இவற்றைப் பாருங்கள். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்டனேற்றரின் பின்னால் பிரேக் வாக்குவம் பம்ப் ஒன்று இருக்கும், அதற்கு எஞ்சின் ஒயில் போய்வருகிற குழாய்கள் வெடித்துக் கசிவது உங்கள் வகை வானில் புதிதல்ல. ரைமிங் பெல்ட் மூடிக்கு அடியில் ஈரம் என்றால் தள்ளிப்போடக் கூடாது, ஒயில் பட்ட பெல்ட் அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், கீழே ஸ்ராண்ட் வைத்துச் சில்லுக்குக் கல் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, மேலே எல்லாம் காய்ந்து, எஞ்சினும் கியர் பொக்ஸும் சேருகிற நடுவில் மட்டும் ஈரம் என்றால் கராஜ்காரர் சொன்னது சரி. கறுப்பு என்றால் எஞ்சின் பின் சீல், சிவப்பு என்றால் கியர் பொக்ஸின் முன் சீல், அப்போது இறக்குங்கள், ஆனால் இறக்கினால் இரண்டையுமே மாற்றிவிடுங்கள், கூலி ஒரே கூலிதான். பாடசாலை விடுமுறைக்குத் தள்ளிப்போடலாமா என்றால், அளவு குறையாமல் தினமும் பார்த்து ஊற்ற முடிந்தால் தள்ளலாம், ஆனால் அதுவரை கொழும்பு ஹயர் வேண்டாம். எஞ்சினின் காற்றுப்போக்குக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தள்ளிவிடும்.

கேள்வி: ஒழுக்கை நிறுத்துகிற மருந்து என்று போத்தலில் விற்கிறார்களே, ஊற்றலாமா? (கிண்ணியா வாசகி)

பதில்: விறைத்த ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைத்து மெல்லிய கசிவைச் சில காலம் அடக்கும், தங்கச்சி. துருப்பிடித்த குழாய்க்கும் கிழிந்த காஸ்கட்டுக்கும் ஒன்றும் செய்யாது. எஞ்சினுக்கு உள்ளதை ஒட்டோ கியரில் ஊற்றவே கூடாது.

கேள்வி: பின் சில்லின் உள்பக்கம் நனைந்திருக்கிறது, மூதூர் போய் வர வேண்டும், போகலாமா? (சீனன்குடா வாசகர்)

பதில்: போகாதீர்கள். அச்சுச் சீல் வழியே கியர் ஒயில் வருகிறதென்றால் பிரேக் சூ நனைந்துவிடும், பிரேக் ஒயில் என்றால் இன்னும் மோசம். முதலில் பிரேக் ஒயில் போத்தலின் மட்டத்தைப் பாருங்கள், பிறகு டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்.