இணையத் தொலைபேசியில் குரல் பிந்துவது ஏன்?

கேள்வி (வாசகி, அம்பாசமுத்திரம்): பைபர் இணைப்பின் ரவுட்டரோடு ஓர் அடாப்டரைப் பொருத்தி, அதில் எங்கள் பழைய மேசைத் தொலைபேசியை மாட்டிச் சிங்கப்பூரிலுள்ள மகனுடன் பேசிவருகிறோம். காலையில் தெளிவாக இருக்கும் பேச்சு, இரவு 8 மணிக்கு மேல் பிந்துகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறோம். வீட்டார் அகஸ்தியர் அருவிக்குப் போய்த் திரும்பிய இரவில் பேசவே இயலவில்லை. நெல் கிட்டங்கியின் கேமராக்களும் இதே இணைப்பில்தான் உள்ளன. அடாப்டரை மாற்றலாமா, வேகம் கூடிய திட்டம் வாங்கலாமா?

பதில்: இரண்டிற்கும் இப்போது பணம் செலவிட வேண்டாம். காலையில் நன்றாக இயங்கும் அடாப்டர் இரவில் மட்டும் பழுதாவது அரிது. தொலைவும் காரணமன்று. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 15 மில்லி விநாடி அளவே பிடிக்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சுக்கு இடையூறில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

அருவிக்குப் போய்வந்த இரவைத் தாங்கள் குறிப்பிட்டதே சரியான துப்பு. வீடு திரும்பிய கைபேசிகள் வைஃபை கிடைத்ததும் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். கேமராக்கள் பகலிரவாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அனுப்பும் வேகத்தை மீறி வருபவற்றை ரவுட்டர் வரிசையில் நிறுத்துகிறது. அந்த வரிசையில் 250 கிலோபைட் தேங்கி, அனுப்பும் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட்டாக இருந்தால், தங்கள் குரல் புறப்படுவதற்கே 1 விநாடி காத்திருக்க வேண்டும். குரலை இணையத்தில் அனுப்பத்தக்க எண்வடிவாக்கும் ஜி.711 முறையில் குரலுக்கு ஒரு திசையில் தேவைப்படுவது விநாடிக்கு 80 முதல் 90 கிலோபிட் வரைதான். ஆகவே குறைவது வேகமன்று, எதை முதலில் அனுப்புவது என்ற ஒழுங்கு.

இதை உறுதிப்படுத்த, ரவுட்டரில் கேபிள் மூலம் இணைத்த கணினியில் பிங் கட்டளையை (ஒரு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டுவது) ஓடவிட்டுக்கொண்டே, கைபேசியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை அனுப்பிப் பாருங்கள். அமைதியான நேரத்தில் சில பத்துகளில் நிற்கும் எண், அப்போது சில நூறுகளுக்கு ஏறினால் நோய் இதுவே.

ரவுட்டரின் அமைப்புகளில், எதற்கு முன்னுரிமை என்று வகுக்கும் கியூஓஎஸ் பகுதியில் அடாப்டருக்கு முதலிடம் கொடுங்கள். அதைவிட முக்கியமானது, அனுப்பும் வேகத்தின் உச்சவரம்பை, அளந்து கண்ட வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக அமைப்பது. வரிசை நமக்கு எட்டாத கருவியில் தேங்காமல், முன்னுரிமை தெரிந்த ரவுட்டரிலேயே நிற்பதற்கு அதுவே வழி. கேமராக்களின் தெளிவுத்திறனைச் சற்றுக் குறைப்பதும், படச் சேமிப்பை நள்ளிரவுக்குத் தள்ளுவதும் உதவும். அடாப்டரை வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். அதனுள் இருக்கும் ஜிட்டர் பஃபரை மட்டும் முதலில் தொட வேண்டாம்: ஒழுங்கற்று வரும் குரல் துணுக்குகளைச் சிறிது நேரம் தாங்கி வைத்துச் சீராக ஒலிக்கச் செய்வது அதுதான்; நெரிசல் தீருமுன் அதைச் சுருக்கினால் தாமதம் குறைந்து சொற்கள் அறுபடும். நெரிசல் தீர்ந்த பிறகு சிறிது சிறிதாகக் குறைக்கலாம். மகன் புளூடூத் காதணியில் பேசுகிறாரா என்றும் கேளுங்கள். அதுவும் தன் பங்குக்குச் சிறிது பிந்தச் செய்யும்.

கேள்வி (வாசகர், பாளையங்கோட்டை): நான் பேசுவது சற்றுப் பிந்தி எனக்கே திரும்பக் கேட்கிறது. என் அடாப்டரில் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தங்கள் குரல் எதிர்முனையில் ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்குள் புகுந்து திரும்புகிறது. தாமதம் மிகுந்தால் அது தனியே காதில் விழும். எதிரில் பேசுபவரை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரில் பேசச் சொல்லுங்கள். அதன் பிறகும் நீடித்தால் மேற்சொன்ன பிங் சோதனையைச் செய்யுங்கள்.