டுக்னாட் என்றால் சிரமதானம்

அன்புள்ள அண்ணா,

ஊர் விளையாட்டுக் கழகத்துக் கரப்பந்தாட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு 12 வயதில் ஒரு மகள். ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் பகுதிக் கழகத்தில் நாலு வருடமாக ஹாண்ட்போல் விளையாடுகிறாள். போன மாதம், இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பயிற்சியாளர் தொலைபேசி எடுத்து, "உங்கள் பண்பாட்டில் பெண்பிள்ளைகள் இந்த வயதுக்குமேல் விளையாடுவதில்லையா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுட்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் இல்லத் தலைவியாக இருந்தவள், 400 மீற்றர் ஓடியவள். காசு கட்டுகிறோம், நேரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறோம். இதற்குமேல் என்ன செய்ய? மகளைக் கேட்டால், "எல்லாற்ற அம்மாவும் வருகினம்" என்று மட்டும் சொல்கிறாள். எங்கள் பண்பாடுதான் தடையா?

ஒரு வாசகி, ஒஸ்லோ

அன்புள்ள தங்கைக்கு,

பயிற்சியாளரை விடுங்கள். மகள் சொன்ன அந்த மூன்று சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் ஊரில் விளையாட்டு பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் தாய் தகப்பனுக்கு வேலை, ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது. போட்டியன்று கொட்டகைக்குள் கதிரையில் இருந்து அணிநடை பார்ப்பார்கள். ஆர்வக் கோளாறில் யாராவது கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் பி.ரி. மாஸ்ரர் விசிலை ஊதி விரட்டுவார். நீங்கள் 400 மீற்றர் ஓடியபோது உங்கள் அம்மா எங்கே நின்றார் என்று நினைத்துப் பாருங்கள்.

நோர்வேயில் கதை வேறு. பிள்ளைகளின் விளையாட்டெல்லாம் பகுதிக் கழகங்களில். அந்தக் கழகங்களை இழுத்துக்கொண்டு போவது பெற்றோர். உங்களுக்குத் தொலைபேசி எடுத்த பயிற்சியாளரும் அநேகமாக அந்த அணியில் ஒரு பிள்ளையின் தகப்பனாகவோ தாயாகவோதான் இருப்பார். வாஃபிள் சுட்டு விற்பது, வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளைகளைக் காரில் ஏற்றிப்போவது, மண்டபம் கூட்டுவது எல்லாம் சம்பளமில்லாத வேலை. டுக்னாட் என்பார்கள். 2004இல் நோர்வே நாட்டின் சொல் எது என்று தேர்வு வைத்தபோது வென்றது இந்தச் சொல்தான். பிரச்சினை என்னவென்றால், இது பிறந்ததிலிருந்தே எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறார்கள். யாரும் விளக்கமாட்டார்கள். வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள், மனதுக்குள் குறித்துக்கொள்வார்கள். நாங்களோ காசு கட்டியாயிற்று என்று பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு மாலை ஷிஃப்டுக்கு ஓடுகிறோம். அவர்கள் கண்ணுக்கு அது அக்கறையில்லாததாகத் தெரிகிறது. அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் 'பண்பாடு' என்கிறார்கள்.

நானும் பட்டவன்தான். மகன் உதைபந்தாட்டம் தொடங்கிய வருடம், கழகச் செலவுக்காக ஆளுக்குப் பத்துப் பொதி ரொய்லெட் பேப்பர் விற்றுத் தரவேண்டும் என்றார்கள். நோர்வேயில் இது சாதாரணம், பாதிக் கழகங்கள் இதில்தான் ஓடுகின்றன. எனக்கு மானம் போய்விட்டது. அயலட்டையில் கதவைத் தட்டி ரொய்லெட் பேப்பர் விற்பதா? பத்தையும் நானே வாங்கி நிலவறையில் அடுக்கினேன். இரண்டு வருடம் பாவித்தோம். மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

பிறகு ஒருநாள் மனைவிதான் சொன்னாள்: "இது எங்கட சிரமதானம்தானே?" அட! கோயில் கேணி இறைக்க, வாசிகசாலைக்கு வேலி அடைக்க, மண்வெட்டியோடு ஊரே போய் நின்றோமே. யாரும் மானம் பார்க்கவில்லை. கழகம் அனுப்பிய மின்னஞ்சலில் அந்த ஒரு சொல் இருந்திருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சம்.

அவர்களுடைய விளையாட்டிலும் இப்படிப் பண்பாடு ஊறிக் கிடக்கிறது. 11 வயதுக்குக் கீழே தரவரிசைப் பட்டியல் போடக்கூடாது, 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் பட்டம் கிடையாது என்று அங்கே விதி. அது தெரியாமல், ஆறு வயது மகனிடம் "எத்தனையாம் இடம்?" என்று கேட்டேன். பேந்தப் பேந்த முழித்தான். இடம் கேட்காமல் வளர்த்த பிள்ளைகள்தான் 2008, 2012, 2024 ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாண்ட்போல் தங்கம் எடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கம் பிழையே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். பெரியபிள்ளை ஆனதும் மகளின் காற்சட்டையின் நீளம் திடீரென்று பிரச்சினையாகிற வீடுகளை எனக்குத் தெரியும். ஞாயிறு மச்சும் நடன வகுப்பும் மோதினால் எது வெல்லும் என்பதும் தெரியும். அதே வீட்டில் அவளின் அண்ணனுக்கு அப்படி மோதும்போது மச்தான் வெல்கிறது. உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் சந்தோஷம், இருந்தால் அதைப் பயிற்சியாளர் தலையில் கட்டவேண்டாம்.

ஆனால் கோடையில் தமிழர் விளையாட்டு விழாவுக்கு வந்து பாருங்கள். கழகப் பக்கமே எட்டிப் பார்க்காத அதே அம்மாமார் விடியவே வந்து, சாப்பாடு கட்டி, கயிறிழுத்து, தொண்டை கட்டும்வரை கத்துகிறார்கள். அங்கே தனக்கு என்ன வேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஹாண்ட்போல் மண்டபத்தில் கோட்டுக்கு வெளியே ஒரு மேசை இருக்கும், கவனித்திருப்பீர்கள். நேரமும் கோலும் குறிக்கிற மேசை. சின்னப் பிள்ளைகளின் மச் என்றால் அங்கே இருப்பது பெற்றோர்தான். அடுத்த மச்சுக்கு ஆள் தேவையா என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். தேவை என்றுதான் சொல்வார். மகள் விளையாடாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.