பிளஸ் ஒன்னில் என்.எஸ்.எஸ்.: படிப்பு கெடுமா என்று கேட்கும் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மகன் என்.எஸ்.எஸ்.ஸில், அதாவது பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில், பெயர் கொடுத்துவிட்டான், படிப்பு கெட்டுவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கெடாது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதாவது ஆண்டுக்கு 120. பள்ளி நடக்கும் வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் சுமார் 3 மணி நேரம். அதுபோக 7 நாள் சிறப்பு முகாம் ஒன்று உண்டு. பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில் வரும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது மணிக்கணக்கு பாக்கி இல்லாதபடி முதல் ஆண்டிலேயே கூடுதலாக முடிக்கச் சொல்லுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் என்.எஸ்.எஸ். சான்றிதழுக்கென்று கட்-ஆஃபில் அரை மார்க்கூடச் சேராது. அதை நம்பி அனுப்பாதீர்கள். ஒரு வேலையைத் தொடங்கி, ஆள் சேர்த்து, தடங்கலைச் சமாளித்து முடிக்கப் பழகுவான், அதற்காக அனுப்புங்கள். வாராவாரம் ஊர்வலம், உறுதிமொழி, வளாகம் கூட்டுவது என்றே போனால் அந்தப் பழக்கம் வராது. அவன் பொறுப்பில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

மரக்கன்று நடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் அக்டோபர் மழை தொடங்கியபின் நட்டால்தான் வேர் பிடிக்க நாள் கிடைக்கும். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து, ஒரு கூடை மக்கிய தொழுவுரம் கலந்து மூட வேண்டும். பிளாஸ்டிக் பையோடு புதைத்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. வேர் உள்ளேயே சுருண்டு கன்று செத்துப்போகும். முள்வேலி இல்லாவிட்டால் ஆடு விடாது. இத்தனையும் தாண்டிய கன்றை ஏப்ரல், மே விடுமுறை காயவைத்துவிடும். பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாலு பேருக்கு முறை வைத்து, வாரம் இரண்டு நாள், கன்றுக்கு ஒரு குடம் என்று மார்ச்சிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். முறை தவறிய நண்பனிடம் சண்டையில்லாமல் எப்படிக் கேட்பது? அந்த இடத்தில்தான் உங்கள் மகன் நிறையக் கற்றுக்கொள்வான்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, மணி நேரம், செய்த வேலை, செலவு, உயிரோடிருக்கும் கன்றுகளின் எண்ணிக்கை. "20 நட்டோம், ஜூனில் 13 இருந்தது, 5 ஆடு மேய்ந்தது, 2 காய்ந்தது" என்று சொல்கிற பிள்ளையிடம் நேர்காணலில் அடுத்த கேள்வி கேட்பார்கள். வெறும் சான்றிதழை நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை திட்ட அலுவலரிடம் (என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியர்) அந்த நோட்டில் கையெழுத்து வாங்கட்டும். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் மணிக்கணக்கில் தகராறு வரும். டி.சி. வாங்கப் போகும் நாளிலேயே சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.