லேப்ராஸ்கோபி கருத்தடை: நாய், பூனை வளர்ப்பவர்களின் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

டாக்டர், லேப்ராஸ்கோபி என்றால் வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவில் பார்த்துச் செய்வதுதானே? தழும்பு சின்னதாக இருக்கும் என்பதைத் தவிர இதில் வேறு என்ன நன்மை?

தழும்பு சிறிய விஷயம்தான், பெரிய வித்தியாசம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு சினைப்பையையும் ஒரு தசைநார் வயிற்றின் ஆழத்தில், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும். வயிற்றைத் திறந்து செய்யும்போது சினைப்பையை வெளியே எடுக்க அந்த நாரை விரலால் இழுத்துத் தளர்த்துவார்கள், சில நேரம் பிய்க்கவும் வேண்டிவரும். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கே அந்த நேரத்தில் இதயத்துடிப்பு எகிறும். நுண்துளை முறையில் அதே நாரைக் கேமராவில் பார்த்துக்கொண்டே மூடி வெட்டிவிடுகிறோம், இழுவையே கிடையாது. வலி குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உள்ளே என்னதான் செய்கிறீர்கள்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

முழு மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திய பிறகுதான் ஆரம்பிப்போம். சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட வேண்டும், நிறைந்திருந்தால் துளை போடும் ஊசி அதில் குத்திவிடும். பிறகு தொப்புள் அருகே முதல் துளை. அதன் வழியே கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றுச் சுவரை உறுப்புகளிலிருந்து தூக்குவோம். அழுத்தம் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர் பாதரசம். அதற்கு மேல் போகப்போக உதரவிதானம் அழுந்தி மூச்சு சிரமப்படும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும்.

பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அல்லது மூன்று துளைகள் போதும். நாயை ஒரு பக்கமாகச் சாய்த்தால் குடல் சரிந்து ஒதுங்கி, மேல்பக்கச் சினைப்பை தெரியும். அதை இடுக்கியால் பிடித்து, வெளியிலிருந்து வயிற்றுச் சுவர் வழியே ஒரு வளைந்த ஊசியைக் குத்தி, நூலில் தொங்கவிடுவோம். ரத்தக்குழாயை வெப்பத்தால் மூடும் கருவியால் நார், குழாய் எல்லாவற்றையும் மூடி வெட்டி, சினைப்பையை வெளியே எடுப்போம். வெட்டிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாயை மறுபக்கம் சாய்ப்போம். எடுத்த சினைப்பை முழுசாக இருக்கிறதா என்பதைப் பார்ப்பதும் அவசியம். ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் நாய் மறுபடி ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு வரும்.

இதில் என்னென்ன தவறு நடக்கலாம்?

முதல் துளை போடும் நேரம்தான் ஆபத்தானது. ஊசியைப் பார்க்காமல் செலுத்தினால் மண்ணீரலில் குத்தி ரத்தம் வரலாம். மயக்க மருந்துகள் சிலவற்றால் மண்ணீரல் வீங்கியிருக்கும், அதனால் வாய்ப்பு இன்னும் கூடும். சிறு வெட்டுப் போட்டு, உள்ளே பார்த்து முதல் குழாயை இறக்குவது பாதுகாப்பு. அடுத்தது ரத்தக்குழாய் சரியாக மூடாமல் கசிவது. கட்டுப்படவில்லை என்றால் உடனே வயிற்றைத் திறந்துவிட வேண்டும். முடியை அகலமாக மழிப்பதும், திறப்பதற்கும் சேர்த்து முன்கூட்டியே கையெழுத்து வாங்குவதும் அதற்காகத்தான்.

சினைப்பைகளை மட்டும் எடுத்து, கருப்பையை விட்டுவிட்டால் பின்னால் சீழ் பிடிக்காதா மேடம்?

இரண்டு சினைப்பைகளும் முழுமையாகப் போய்விட்டால் பிடிக்காது. சீழ் பிடிக்கப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் தேவை, அது சுரப்பது சினைப்பையில். கருப்பையில் ஏற்கெனவே கட்டியோ நோயோ இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். சீழ் கோத்து வீங்கிய கருப்பைக்கு நான் வயிற்றைத் திறக்கத்தான் சொல்வேன்.

என் பூனைக்கு இது அவசியமா?

அவசியம் இல்லை. பூனையின் நார் தளர்வானது, திறந்த முறையிலேயே மிகச் சிறிய வெட்டில் முடிந்துவிடும். பலன் அதிகம் தெரிவது பெரிய, ஆழமான மார்புள்ள நாய்களுக்கு. கிரேட் டேன் போன்ற இனங்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதே மயக்கத்தில் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவது பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

ஹீட் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இப்போதே செய்யலாமா?

காத்திருங்கள். ஹீட் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது. இப்போது ரத்தக்குழாய்கள் பருத்திருக்கும். தவிர, ஹார்மோன் திடீரென நின்றால் பொய்ச்சினை, அதாவது சினையாகாமலே சினை அறிகுறிகள் வந்து மடியில் பால் கட்டலாம்.

நேற்று செய்தார்கள். தையல் பக்கத்தில் தொட்டால் நொறுநொறுவென்று இருக்கிறதே?

தோலுக்கடியில் சிக்கிய வாயு அது. நாய் சுறுசுறுப்பாக இருந்தால் பயம் வேண்டாம், சில நாளில் தானே கரைந்துவிடும். ஆனால் ஈறு வெளுத்து, சோர்ந்து, வயிறு உப்பிக்கொண்டே போனால் உள்ளே ரத்தக்கசிவாக இருக்கலாம், அந்த நிமிடமே கிளம்புங்கள். துளை வழியே கொழுப்பு மாதிரி ஏதாவது பிதுங்கினால் உள்ளே தள்ளாதீர்கள். ஈரமான சுத்தத் துணியால் மூடிக் கூட்டி வாருங்கள்.

மறுநாளே ஓடுகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. வலி இல்லை என்பதால் உள்ளே ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் கயிற்றில் கட்டித்தான் நடத்த வேண்டும், சோபாவில் தாவ விடக் கூடாது. தையல் ஆறும்வரை, அதாவது 10 முதல் 14 நாள், தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். வலி மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால், ஐபுரூஃபன் வேண்டவே வேண்டாம். பூனைக்குப் பாராசிட்டமால் உயிரையே எடுத்துவிடும்.