மாத்திரை போடும் நேரத்தை முதலில் பாருங்கள்

முடக்குவாதத்துக்கு ப்ரெட்னிசோலோன் எடுக்கிறீர்கள், நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வருவதில்லை, பகலெல்லாம் அசதி என்று எழுதியிருந்தீர்கள். மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே! இரவில் என்றால் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். ப்ரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, அது தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் தினம் ஒரு வேளை மட்டும் போடும் மருந்தென்றால் பெரும்பாலும் காலையில் சாப்பிட்டதும் போடச் சொல்வார்கள். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென விடுவது ஆபத்து.

அப்புறம், அசதிக்குத் தூக்கமின்மை மட்டுமே காரணம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த நோயோடு ரத்தசோகையும் வருவதுண்டு. ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் விசாரியுங்கள். மாலைக் காபியையும் விட்டுப் பாருங்கள். உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.