எக்ஸ்எம்எல்லிலிருந்து அனோட்டேஷனுக்கு: ஸ்பிரிங் கேள்வி பதில்

ஸ்பிரிங் ஒரு ஜாவா ஃபிரேம்வொர்க். ஆப்ஜெக்டுகளை உருவாக்கி, ஒன்றுக்கு வேண்டிய இன்னொன்றைக் கொடுத்து இணைப்பது அதன் கன்டெய்னர். அப்படி அது கவனிக்கும் ஆப்ஜெக்டுக்குப் பீன் என்று பெயர். எது எதோடு சேரும் என்பதை எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதலாம், அல்லது கோடிலேயே @ போட்ட குறிப்புகளாக, அதாவது அனோட்டேஷனாக, எழுதலாம்.

கேள்வி: பழைய ப்ராஜெக்ட். எக்ஸ்எம்எல் ஃபைலில் 300 பீன். ஒரேயடியாக அனோட்டேஷனுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும். @கான்ஃபிகரேஷன் கிளாஸ் ஒன்று எழுதி, அதன் தலையில் @இம்போர்ட்ரிசோர்ஸ் போட்டுப் பழைய ஃபைலை அப்படியே இழுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு மாட்யூலாக மாற்றலாம். ஒரு எச்சரிக்கை: ஒரே ப்ராபர்ட்டிக்கு இரண்டு இடத்திலும் மதிப்பு இருந்தால் எக்ஸ்எம்எல்தான் ஜெயிக்கும். அனோட்டேஷன் வேலை முதலில் முடியும். எக்ஸ்எம்எல் அதன்மேல் எழுதும். இது தெரியாமல் அரை நாள் முழித்திருக்கிறேன். பழைய ஃபைலில் ஒரே ஒரு வரி அழிக்கப்படாமல் கிடந்தது.

கேள்வி: @ஆட்டோவயர்ட் (வேண்டிய பீனை இங்கே வை என்ற குறிப்பு) போட்டும் நல்பாயின்டர் எக்செப்ஷன் (உள்ளே எதுவும் இல்லாததால் வரும் எர்ரர்) வருகிறதே?

பதில்: அந்த ஆப்ஜெக்டை நீங்களே நியூ (new) போட்டு உருவாக்கியிருப்பீர்கள். அது பிறந்ததே ஸ்பிரிங்குக்குத் தெரியாது; எப்படி உள்ளே எதையாவது வைக்கும்? கன்டெய்னரிடமிருந்து வாங்குங்கள்.

கேள்வி: @ஆட்டோவயர்டை ஃபீல்டில் போடுவதா, கன்ஸ்ட்ரக்டரிலா?

பதில்: கன்ஸ்ட்ரக்டரில். ஸ்பிரிங் 4.3-லிருந்து கிளாஸில் ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அந்த அனோட்டேஷன்கூடத் தேவையில்லை. ஃபீல்டை ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதது) ஆக்கலாம். டெஸ்ட் எழுதும்போது போலி ஆப்ஜெக்டை நேராகக் கொடுக்கலாம். கன்ஸ்ட்ரக்டரில் ஒன்பது பாராமீட்டர் வரிசையாக நிற்கும்போதுதான் கிளாஸ் ஊதிப்போனது கண்ணில் படும். ஃபீல்டில் ஒன்பது வரி இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஏ-க்கு பி வேண்டும், பி-க்கு ஏ வேண்டும் என்ற சிக்கல் இருந்தால் அப்ளிகேஷன் கிளம்பும்போதே விழுந்துவிடும். அது நல்லதுதான். ஸ்பிரிங் பூட் (ஸ்பிரிங் அமைப்பு வேலைகளைத் தானே செய்து தரும் துணை) 2.6-லிருந்து ஃபீல்ட் வழியாக வரும் அந்தச் சுழற்சியையும் இயல்பாகவே அனுமதிப்பதில்லை.

கேள்வி: ஸ்டேடிக் ஃபீல்டில் @ஆட்டோவயர்ட் போட்டேன், நல் (null, காலி) வருகிறது.

பதில்: ஸ்டேடிக் ஃபீல்டை ஸ்பிரிங் தொடாது. ஸ்டேடிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே இன்டர்ஃபேஸுக்கு இமெயில், எஸ்எம்எஸ் என இரண்டு கிளாஸ். எதைக் கொடுப்பது என்று ஸ்பிரிங் குழம்புகிறது.

பதில்: வழக்கமாக வேண்டியதன்மேல் @ப்ரைமரி. மற்றது வேண்டிய இடத்தில் பாராமீட்டருக்கு முன்னால் @குவாலிஃபையர். இரண்டுமே வேண்டுமென்றால் லிஸ்டாகக் கேளுங்கள், இரண்டும் வரும்.

கேள்வி: என்ன சொன்னாலும் எக்ஸ்எம்எல்தான் நல்லது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது. கம்பைல் செய்யாமலே மாற்றலாம். இப்போது ஸ்பிரிங் பெயர் கிளாஸுக்கு கிளாஸ் அப்பிக் கிடக்கிறது.

பதில்: கம்பைல் செய்யாமல் மாற்றலாம் என்கிறீர்கள். அந்த ஃபைல் ஜார் (பில்ட் செய்து கிடைக்கும் பொட்டலம்) உள்ளேதானே இருந்தது? மாற்றினால் மறுபடி பில்ட், மறுபடி டெப்ளாய். கிளாஸ் பெயரை மாற்றி எக்ஸ்எம்எல்லில் மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது, அப்ளிகேஷன் கிளம்பும்போதுதான் தெரியும்.

அதே நண்பர்: சரி. அப்பிக் கிடப்பதற்கு என்ன பதில்?

பதில்: அதை ஒப்புக்கொள்கிறேன். கிளாஸ் தலையிலேயே ‘இது பீன்’ என்று சொல்லும் @சர்வீஸ், @காம்பொனன்ட் எல்லாம் 2007-இல் ஸ்பிரிங் 2.5 காலத்திலேயே வந்துவிட்டன, கூடவே இந்தப் புகாரும். அதற்குத்தான் 2009-இல் 3.0-வுடன் @கான்ஃபிகரேஷனும் @பீனும் வந்தன. உங்கள் கிளாஸ் ஸ்பிரிங் வாடையே இல்லாத வெறும் ஜாவாவாக இருக்கட்டும். எது எதோடு சேரவேண்டும் என்பதை ஒரே கிளாஸில் @பீன் மெத்தட்களாக எழுதுங்கள். உங்கள் ‘ஒரே இடம்’ கிடைத்தாயிற்று, கம்பைலரும் காவல் நிற்கும். நாம் தொட முடியாத வெளி லைப்ரரி கிளாஸ்களுக்கும் இதுதான் வழி.

அதே நண்பர்: ஒரு @பீன் மெத்தட்டை இன்னொன்றிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு ஆப்ஜெக்ட் வராதா?

பதில்: அருமையான கேள்வி. வராது. ஸ்பிரிங் உங்கள் கான்ஃபிகரேஷன் கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸை ஓடும்போதே உருவாக்கி, அந்த அழைப்பை நடுவில் மறித்து, ஏற்கெனவே இருக்கும் பீனையே தரும். அதனால்தான் அந்த கிளாஸ் ஃபைனலாக (சப்கிளாஸ் எழுத முடியாததாக) இருக்கக்கூடாது. ஆனால் @கான்ஃபிகரேஷனுக்குப் பதில் கைதவறி @காம்பொனன்ட் போட்டுவிட்டால் அது வெறும் மெத்தட் அழைப்பு. ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட். டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு தரும் ஆப்ஜெக்ட்) இரண்டாகிவிடும், எர்ரர் எதுவும் வராது.

கேள்வி: @காம்பொனன்ட் போட்ட கிளாஸை ஸ்பிரிங் பூட் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் தேடப்படும். உங்களுடையது பக்கத்துப் பேக்கேஜில் இருக்கும்.

கேள்வி: இதே இணைப்பு வேலைக்கு இருக்கும் ஜூஸ் (Guice), டேகர் (Dagger) லைப்ரரிகள் பற்றி?

பதில்: டேகர் கம்பைல் நேரத்திலேயே கோட் எழுதிக்கொள்ளும், ஆண்ட்ராய்டு நண்பர்களைக் கேளுங்கள்.

கேள்வி: @ஆட்டோவயர்ட் ஃபீல்டில் நல் (null) வருகிறது.

பதில்: மேலே இருக்கிறது. நியூ.

கேள்வி: நானும் அதே நல் கேஸ்தான். ஆனால் நியூ எங்கேயும் போடவில்லை, டெஸ்டில் மட்டும்தான் வருகிறது.

பதில்: டெஸ்டின் முதல் வரியைப் படித்துப் பாருங்கள். அங்கே ஒரு நியூ இருக்கும்.