பாராலிம்பிக் கேள்வி பதில்: சதவீதத்தை விடுங்கள், பிரிவைப் பாருங்கள்

பாண்டி, கடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாரா தடகளப் பயிற்சி கொடுக்கிறேன். பாராலிம்பிக்கில் நம் அணி பற்றியும் அதில் சேரும் வழி பற்றியும் கேட்கச் சொன்னேன், நிறைய வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த துறை தடகளம், கொஞ்சம் பேட்மின்டன். மற்றதற்கு யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

பண்ருட்டியிலிருந்து ஒரு அப்பா: என் மகனுக்கு 16 வயது. பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்துவிட்டார்கள். சான்றிதழில் 60 சதவீதம் போட்டிருக்கிறார்கள். குண்டு எறிதலில் மாவட்ட அளவில் முதலாவது வருகிறான். பாராலிம்பிக் போக 60 சதவீதம் போதுமா சார்?

ஐயா, வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சதவீதம் அரசு உதவிக்கும் வேலை ஒதுக்கீட்டுக்கும் உரியது. 2016 சட்டப்படி 40 சதவீதம் என்ற வரம்பு அங்கேதான் வேலை செய்யும். விளையாட்டில் அந்த எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே கேட்பது இரண்டு விஷயம். உங்கள் குறைபாடு, அவர்கள் ஏற்கும் பத்து வகைகளில் ஒன்றா? அது அந்த விளையாட்டைச் செய்வதை எவ்வளவு தடுக்கிறது? மருத்துவ ஆவணம் பார்ப்பார்கள், உடலைச் சோதிப்பார்கள், எறிய வைத்து, ஓட வைத்துப் பார்ப்பார்கள், சில நேரம் போட்டியின்போதும் கவனிப்பார்கள். அப்புறம்தான் பிரிவு. தடகளத்தில் டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல். 11 முதல் 13 வரை பார்வை, 20 அறிவுத்திறன், 31 முதல் 38 வரை மூளை முடக்குவாதம், 40, 41 உயரக் குறைவு, 42 முதல் 47 வரை கை கால் குறைபாடு, 51 முதல் 57 வரை உட்கார்ந்து ஆடுவோர், 61 முதல் 64 வரை செயற்கைக் காலோடு ஆடுவோர்.

உங்கள் மகன் செயற்கைக் காலோடு நின்று எறிந்தால் எஃப்64 ஆக வாய்ப்பு அதிகம். இங்கேதான் கவனம் வேண்டும். பாரிஸ் 2024 பட்டியலில் ஆண்கள் எஃப்64-க்கு ஈட்டி உண்டு, வட்டு உண்டு, குண்டு எறிதல் கிடையாது. பிள்ளை ஐந்து வருடம் குண்டு எறிந்து தேசிய அளவுக்கு வந்தபிறகு இது தெரிந்தால் என்ன செய்வது? இரண்டு வழி இருக்கிறது. ஈட்டிக்கோ வட்டுக்கோ மாறலாம். சுமித் அன்டில் பைக் விபத்தில் கால் இழந்தவர்தான், அதே எஃப்64 ஈட்டியில் டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம், பாரிஸில் 70.59 மீட்டர். அல்லது உட்கார்ந்து எறியும் எஃப்57-க்குப் போகலாம், அங்கே குண்டு உண்டு. பாரிஸில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கிய ஹொகாட்டோ செமா ராணுவத்தில் கண்ணிவெடியில் கால் இழந்தவர், எஃப்57-இல் உட்கார்ந்துதான் எறிகிறார். நின்று எறிவதற்கும் உட்கார்ந்து எறிவதற்கும் பயிற்சியே வேறு. இந்த வருடமே முடிவு செய்யுங்கள்.

பாகூர்: எனக்கு ஒரு கண் சுத்தமாகத் தெரியாது, மற்றது நன்றாகத் தெரியும். எந்தப் பிரிவு அண்ணா?

எந்தப் பிரிவிலும் வராது தம்பி. நன்றாகத் தெரியும் கண்ணைக் கணக்கில் வைத்துத்தான் பார்வைப் பிரிவு கொடுப்பார்கள். பொதுப் போட்டியிலேயே ஆடுங்கள்.

வில்லியனூர்: என் மகளுக்குக் காது கேட்காது. பேட்மின்டன் நன்றாக ஆடுவாள். பாராலிம்பிக்கில் சேர்க்கலாமா?

முடியாது அம்மா, ஆனால் வருத்தப்பட வேண்டாம். காது கேளாதோருக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனியாகவே 1924 முதல் நடக்கிறது. நன்றாகக் கேட்கும் காதிலும் 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். மதுரை ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸ் பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார். காது கேளாதோர் விளையாட்டுச் சங்கத்தைத் தேடுங்கள். பாரா சங்கத்தில் விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்காதீர்கள்.

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: கோபிக்கக் கூடாது. பாரிஸ் ஒலிம்பிக்கில் நமக்கு 6 பதக்கம், பாராலிம்பிக்கில் 29. நூறு மீட்டர் ஓட்டத்துக்கே பத்துக்கு மேல் தங்கம் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் ஒன்று என்று கொடுத்தால் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்?

கோபம் இல்லை ஐயா. பாரிஸ் பாராலிம்பிக்கில் 549 தங்கம், ஒலிம்பிக்கில் 329, அது உண்மை. ஆனால் மல்யுத்தத்தில் 57 கிலோவில் வெண்கலம் வாங்கிய அமன் செராவத்தை 125 கிலோக்காரரோடு மோத விட்டால் அதைப் போட்டி என்று சொல்வீர்களா? அங்கே எடை, இங்கே குறைபாடு. மூளை முடக்குவாதம் உள்ளவரையும் கை இல்லாதவரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், யாருக்குக் குறைபாடு குறைவோ அவர் ஜெயிப்பார். திறமையை அளக்கத்தான் பிரிவு.

திருப்பாதிரிப்புலியூர்: எனக்குக் கால் ஊனம் 45 சதவீதம். தகுதி உண்டா?

பண்ருட்டி ஐயாவுக்கு எழுதியதைப் படியுங்கள். என்ன குறைபாடு என்று எழுதினால்தான் பதில் சொல்ல முடியும்.

கடலூர் முதுநகர்: கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது அண்ணா. மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. கை இரண்டும் நல்ல பலம். வயது 27. வீட்டிலேயே இருக்கிறேன். ஏதாவது ஆட முடியுமா?

முடியும் தம்பி. உங்களுக்குப் பதில் எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் வரை கை நன்றாக இருந்து, நடு உடம்பு கட்டுப்பாட்டில் இல்லையென்றால் பெரும்பாலும் எஃப்54. ஆண்கள் எஃப்54 ஈட்டி பாரிஸில் இருந்தது, ஈட்டி 600 கிராம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எறிவது இல்லை. தரையோடு இறுக்கிக் கட்டிய இரும்பு இருக்கையிலிருந்து எறிய வேண்டும். மெத்தையோடு சேர்த்து உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கலாம், ஆனால் அது நேராக இருக்க வேண்டும், வளைவு கூடாது. கட்டும் பட்டை இழுபடக் கூடாது. எறிந்த ஈட்டி தரையில் விழும்வரை உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பக் கூடாது. உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம், அளவை மட்டும் சரியாகக் கொடுங்கள்.

இப்போது சொல்வதை வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அடிபட்ட இடத்துக்குக் கீழே உங்களுக்கு வியர்க்காது. நம் கடலோர வெயிலில் வியர்க்காத உடம்பு சீக்கிரம் கொதித்துவிடும், அது உங்களுக்கே தெரியாது. காலை ஏழுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் மட்டும் பயிற்சி. கழுத்திலும் கையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். அக்னி நட்சத்திரத்தில் கைப்பலத்துக்கான பயிற்சியை நிழலில் செய்யுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குத் திடீரென்று தலை பிளப்பதுபோல வலி, முகம் சிவப்பது, ரத்த அழுத்தம் எகிறுவது வரலாம். சிறுநீர் போகச் செருகியிருக்கும் குழாய் அடைத்துக்கொண்டால் வரும், மலச்சிக்கலால் வரும், பட்டையை அதிகமாக இறுக்கினாலும் வரும். உடனே நிமிர்ந்து உட்கார வையுங்கள், பட்டைகளைத் தளர்த்துங்கள், குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்தான விஷயம் இது. சிலர் இதை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டு ஆடப் பார்த்ததால் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. யாராவது உங்களுக்கு அந்த யோசனை சொன்னால் அந்த ஆள் பக்கமே போகாதீர்கள். அப்புறம் படுக்கைப்புண்: பயிற்சியின்போது அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர் மறுபடியும்: எடைப் பிரிவு சரி. ஆனால் ஒரு பிரிவில் எட்டுப் பேர், பத்துப் பேர்தானே? அதில் மூன்றாவது வருவது பெரிய விஷயமா?

முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவி: சார், நான் பதில் சொல்லவா? ரியோ 2016-இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் 1500 மீட்டரில் முதல் நான்கு பேரும் ஒலிம்பிக் தங்கத்தைவிட வேகமாக ஓடினார்கள்!

நீங்கள் சொன்னது உண்மைதான் மா. டி13-இல் அல்ஜீரியாவின் அப்தெல்லத்தீஃப் பாக்கா 3:48.29, ஒலிம்பிக்கில் சென்ட்ரோவிட்ஸ் 3:50.00. ஆனால் அந்த ஒலிம்பிக் இறுதியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓடிக் கடைசிச் சுற்றில் பாய்ந்தார்கள். அதை ஆதாரமாக வைத்தால் ஆசிரியர் ஐயா அடுத்த நிமிடமே உடைத்துவிடுவார்.

ஐயா, சில பிரிவுகளில் ஆட்கள் குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பிரிவு அதிகம், அதனால் பதக்கம் அதிகம்' என்பது நம் அணியின் வரலாற்றோடு பொருந்தவில்லை. நாம் முதலில் போனது 1968. முதல் பதக்கம் 1972 ஹைடல்பெர்க், முரளிகாந்த் பெட்கர், 50 மீட்டர் நீச்சல் தங்கம். 1984-இல் நான்கு. 1988 முதல் 2000 வரை நான்கு பாராலிம்பிக்கிலும் ஒன்றும் இல்லை. 2004-இல் இரண்டு, 2008-இல் பூஜ்யம், 2012-இல் ஒன்று. ரியோவில் நான்கு. ஆக 48 வருடத்தில் மொத்தம் 12. 1988-இல் பிரிவுகள் இப்போது இருப்பதைவிட அதிகம், ஆனாலும் நமக்குப் பதக்கம் வரவில்லை. பிரிவுகள் குறைந்து போட்டி இறுகிய பிறகுதான் டோக்கியோவில் 19, பாரிஸில் 29. எது மாறியது? ரியோவுக்குப் போனது 19 பேர், பாரிஸுக்குப் போனது 84 பேர். பயிற்சியாளர், பயணச் செலவு, வெளிநாட்டுப் போட்டி, நல்ல செயற்கைக் கால் எல்லாம் கிடைக்க ஆரம்பித்தன. திறமை 1988-லும் இருந்தது, அதை மைதானத்துக்குக் கூட்டிவர ஆள் இல்லை.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்: இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. அப்படியானால் பெரிய உயரம் தாண்டுதல் எது என்று ஒரு எண் சொல்லுங்கள், நான் என் மாணவர்களிடம் சொல்கிறேன்.

பாரிஸில் டி64-இல் பிரவீன் குமார் தாண்டியது 2.08 மீட்டர். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய காலோடு மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். உங்கள் பள்ளி மைதானத்தில் 1.89-இல் ஒரு கம்பியைக் கட்டி, பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள் ஐயா.

குறிஞ்சிப்பாடி: தொழிற்சாலை மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. தடகளத்தில் சேரலாமா?

தடகளத்தில் முடியாது. மணிக்கட்டோடாவது கை போயிருந்தால்தான் கை இழப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அரியாங்குப்பம்: தெரிந்தவர் ஒருவர் 'நான் நல்ல பிரிவில் போட்டுத் தருகிறேன், செலவாகும்' என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். பிரிவை விலைக்கு வாங்க முடியாது. தேசிய அளவில் ஒரு பிரிவு கொடுத்தாலும் சர்வதேசப் போட்டிக்கு முன் வேறு குழு முதலிலிருந்து சோதிக்கும். டோக்கியோவில் எஃப்52 வட்டு எறிதலில் நம்மவர் ஒருவர் வென்ற வெண்கலம், அந்தப் பிரிவுக்கு அவர் தகுதியில்லை என்று பறிக்கப்பட்டது. திறமையைத் திட்டமிட்டுக் குறைத்துக் காட்டினார் என்று பிறகு இரண்டு வருடத் தடையும் வந்தது. சோதனையில் இல்லாத பலவீனத்தை நடிக்கச் சொல்பவர் உங்கள் பிள்ளையின் வாழ்க்கையை அழிக்கிறார். பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம்: என் தம்பிக்கு 70 சதவீதம் சார், அதிகம்தானே, சுலபமாக எடுப்பார்களா?

சதவீதம் பற்றி இனி பதில் எழுத மாட்டேன். முதல் பதிலைப் படியுங்கள்.

ரெட்டிச்சாவடி: என் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், 11 வயது. ஓடுவது என்றால் உயிர்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் பக்கம் போங்கள் அம்மா. அங்கே ஒரே அளவு திறமை உள்ள பிள்ளைகளை ஒன்றாக ஓட விடுவார்கள், உங்கள் பையனுக்கு ஏற்ற இடம் அதுதான். அதற்கு முன் ஒரு வேலை: கழுத்து எலும்பு தளர்வாக இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் சிலருக்கு அது உண்டு. பார்க்காமல் குட்டிக்கரணமோ தலைகீழ்க் குதியலோ போட விடாதீர்கள். ஓட்டத்தை நிறுத்த வேண்டாம்.

கிருமாம்பாக்கம்: மகள் பிறக்கும்போதே தோள் நரம்பு இழுபட்டு ஒரு கை சரியாகத் தூக்க வராது. 12 வயது, பேட்மின்டன் ஆடுகிறாள். உண்மையாகவே வழி இருக்கிறதா, ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள்.

ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பிறக்கும்போது அதே மாதிரி கை நரம்பு பாதிக்கப்பட்ட மனிஷா ராமதாஸ், திருவள்ளூர்ப் பெண், பாரிஸில் எஸ்யு5 ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார். அதே பிரிவில் வெள்ளி காஞ்சிபுரம் துளசிமதிக்கு. கை குறைபாட்டுக்கான பிரிவுதான் எஸ்யு5. முழு மைதானத்தில் ஆட வேண்டும், அதனால் கால் வேகம்தான் எல்லாம். இப்போதைக்கு அவளைச் சாதாரணப் பிள்ளைகளோடு ஆட விடுங்கள், தோற்றாலும் பரவாயில்லை. பிறந்த ஆஸ்பத்திரிக் காகிதம், நரம்புப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வீடு பாண்டி எல்லைக்குள் என்பதால் பாண்டி மாநிலத் தேர்வுக்கு வர வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உப்பளம் மைதானத்துக்குக் கூட்டிவாருங்கள், ராக்கெட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.